வரி கட்டாதவர்கள் என்று எங்களைச் சொல்லாதீர்கள்

"தோட்டத்துச் சனம் எங்கே வரி கட்டுது? நிவாரணம் வாங்கத்தானே வரிசையில நிக்குது!" தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் நாங்கள் இதை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டோம். ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது. சவர்க்காரத்தில் கட்டுகிறோம். பிள்ளையின் செருப்பில் கட்டுகிறோம். கைபேசிக்கு ரீலோட் போட்டால் அதிலும் கட்டுகிறோம். இவை ஒவ்வொன்றிலும் ஏறும் வற் வரி இப்போது 18 சதவீதம். 2024 ஜனவரியில் காஸுக்கும் டீசலுக்கும் கூட அதைப் போட்டார்கள். டீசலில் ஏறியது பஸ் கட்டணத்திலும் அரிசி விலையிலும் ஏறாமல் எங்கே போகும்? கொழும்பில் மாளிகை கட்டியவரும் லயத்தில் கூரைத் தகரம் ஒழுகப் படுப்பவரும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே வரிதான் கட்டுகிறோம். அவருக்கு அது கண்ணில் தெரியாது. எங்களுக்கு அன்றைய மரக்கறிக் காசு அது.

இந்த 18 எப்படி வந்தது என்று யாராவது எங்களுக்குச் சொன்னீர்களா? 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். வந்த கையோடு 15 சதவீதமாக இருந்த வற் வரியை 8 ஆக்கினார்கள். வருடத்துக்கு 1.2 கோடி ரூபாய் வியாபாரம் செய்பவர் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்ததை 30 கோடியாக உயர்த்தினார்கள். சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கும் வரியை நிறுத்தினார்கள். கம்பனி வரியை 28லிருந்து 24க்கு இறக்கினார்கள். நாட்டின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. அந்தச் சலுகையில் எங்கள் லயத்துக்கு எது வந்தது? கம்பனி வரி கட்டியவர்களா நாங்கள்?

சீனிக் கதையை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி, இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த வரியை ஒரே இரவில் 25 சதமாக்கினார்கள். ஐம்பது ரூபாய் எங்கே, இருபத்தைந்து சதம் எங்கே! கடையில் அந்த விலை இறங்கியதா? இல்லை. திறைசேரிக்கு வரவேண்டிய காசு இறக்குமதியாளர் பைக்குள் போனது. வெறும் தேத்தண்ணிக்குச் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிக்கும் சனத்தின் பெயரைச் சொல்லித்தான் அதையும் செய்தார்கள்.

பிறகு 2022. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய். கொழுந்து பறிக்கும் அம்மாவின் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, 1,000 ரூபாய். பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர். ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. வற் வரியை 8லிருந்து 12, 12லிருந்து 15, கடைசியில் 18 என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். இறக்கியபோது யாருக்கு இறக்கினீர்கள், ஏற்றியபோது யார் மேல் ஏற்றினீர்கள்?

அதோடு விட்டீர்களா? எங்கள் சேமலாப நிதியில் கை வைத்தீர்கள். தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்று மாதாமாதம் சேர்ந்த காசு அது. விலைவாசி அவ்வளவு ஏறிய 2022இல் அதற்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம். அடுத்த வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்தது. நிதியத்தின் பழைய பிணைமுறிகளைக் கொடுத்துவிட்டுக் குறைந்த வட்டிக்குப் புதியவற்றை எடுக்க வேண்டும். மறுத்தால் பிணைமுறி வருமானத்துக்கான 14 சதவீத வரி 30 ஆகும் என்றார்கள். வங்கிகள் வைத்திருந்த திறைசேரிப் பிணைமுறிகளைத் தொடவில்லை. வங்கி விழுந்தால் நாடு விழும் என்று காரணம் சொன்னார்கள். கொழுந்து பறித்துப் பறித்து முதுகு வளைந்தவள் விழுந்தால்?

அந்தச் சேமலாபக் காசைக் கேட்டு அம்மா விண்ணப்பம் போட்டார். விரல் ரேகை எடுக்க வேண்டும். மை தடவி அழுத்தினால் கோடு விழவில்லை, கறுப்புத் திட்டுத்தான் விழுந்தது. சின்ன வயதிலிருந்து கொழுந்து ஒடித்த விரலில் ரேகை எங்கே மிஞ்சும்? "கைக்கு எண்ணெய் பூசி, கொஞ்ச நாள் வேலை செய்யாம இருந்திட்டு வாங்கம்மா" என்று அனுப்பினார்கள். தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் பேர் எழுதி மாதாமாதம் பிடித்தபோது ஒருவரும் ரேகை கேட்கவில்லை. எடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்குத் திருப்பிக் கொடுக்க மட்டும் ஏன் கை வராது?

2023 நவம்பர் 14ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு யார் பொறுப்பு என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும், திறைசேரியின் முன்னாள் செயலாளரும் மக்கள் தங்கள் மேல் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று பெயர் சொல்லியே தீர்மானித்தது. வழக்குப் போட்டவர்களுக்கு ஆளுக்கு 150,000 ரூபாய் வழக்குச் செலவு. அதைப் படித்த அன்று, எங்கள் பக்கம் பேச நாட்டில் ஒரு வாயாவது இருக்கிறதே என்று அழுதேன். ஆனால் நாங்கள் இழந்ததற்கு ஒரு சதம் கொடுக்கச் சொல்லி அதில் எழுதவில்லை.

இனிமேல் எங்களைப் பார்த்து வரி கட்டப் பழகுங்கள் என்று சொல்ல வருகிறவர்கள், முதலில் அந்தச் சீனிக் காசு எங்கே என்று சொல்லிவிட்டு வாருங்கள். வரிச் சலுகையில் வயிறு வளர்த்தவர்களிடம் எவ்வளவு திருப்பி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். அம்மாவின் காசை அம்மா உயிரோடு இருக்கும்போதே கையில் கொடுங்கள்.