மூன்று கள்ளும் ஒரு போத்தலும்

கடந்த ஆண்டு இலண்டனில் சகோதரியின் வீட்டில் இரண்டு வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவளுடைய மகன் என்னைப் பேர்மன்ட்சி என்ற பகுதிக்கு அழைத்துச் சென்றான். அங்கே புகையிரதப் பாதையைத் தாங்கி நிற்கும் செங்கல் வளைவுகளின் கீழே சிறிய பியர் தயாரிப்பு நிலையங்கள் வரிசையாக உள்ளன. பெருங்கம்பனிகளின் பியரை விரும்பாத இளைஞர்கள் தொடங்கிய தொழில் அது. ஒரு நிலையத்தில் நாங்கள் அமர்ந்ததும், மரத்தட்டில் நான்கு சிறு குவளைகளை வைத்தார்கள். ஒன்று வைக்கோல் நிறம், ஒன்று கலங்கிய மஞ்சள், ஒன்று செம்மை, ஒன்று கரி போன்ற கறுப்பு.

சுவரிலிருந்த கரும்பலகையில் ஒவ்வொன்றின் சாதகமும் எழுதப்பட்டிருந்தது. எந்த வகை மோல்ற், சிற்ராவா மொசாயிக்கா எந்த ஹொப்ஸ், மதுசாரம் எத்தனை வீதம் என்பவையெல்லாம் அதில் இருந்தன. மருமகன் குவளையை மூக்கருகே பிடித்து, "இதில மாம்பழத் தோலின்ர மணம் இருக்கு மாமா. இதில தோடம்பழத் தோலின்ர கைப்பு. கறுப்பில வறுத்த கோப்பி" என்று விளக்கிக்கொண்டு வந்தான். குடித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரியாகவே இருந்தது. சொல்லியிருக்காவிட்டால் நான்கையும் 'பியர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டு எழுந்திருப்பேன்.

நான்காவது குவளை முடிகிற நேரத்தில் அவன் கேட்டான்: "மாமா, எங்கட ஊர்க் கள்ளு எப்பிடி இருக்கும்?"

அவன் அங்கே பிறந்தவன். கள்ளைப் படத்தில் மட்டும் கண்டவன். நானோ வடமராட்சியில் வளர்ந்தவன். முப்பது ஆண்டுகளாகச் சொற்களால் வயிறு வளர்ப்பவன். "கொஞ்சம் இனிப்பா இருக்கும், கொஞ்சம் புளிப்பா இருக்கும்" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. அவன் மரியாதைக்குத் தலையாட்டினான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ளவே இவ்வாண்டு சித்திரையில் ஊருக்குச் சென்றபோது, நண்பர் ஒருவரின் துணையுடன் ஒரு சீவல் தொழிலாளியைத் தேடிப் போனேன். தை, மாசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை பனங்கள்ளின் காலம். சித்திரை அதன் நடுப்பகுதி. அவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பதினெட்டு மரங்கள் சீவுகிறார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்றால் நாளொன்றுக்கு முப்பத்தாறு ஏற்றம். ஒவ்வொரு மரமும் ஐம்பது, அறுபது அடி. வந்த நோக்கத்தைச் சொன்னேன். சிரித்தார். "குடிக்க வந்தவையைக் கண்டிருக்கிறன். வித்தியாசம் பாக்க வந்தவரை இப்பதான் காணுறன்" என்றார். பனையோலையிற் கோலிய மூன்று பிளாக்களை எடுத்து வைத்தார்.

முதலாவது, ஆண்பனையின் உடன் கள்ளு. முதல்நாள் மாலை கட்டிய முட்டியை விடிந்ததும் இறக்கியது. பார்வைக்குக் கழுநீர் போல மெல்லிய வெண்மை. வாய்க்குள் முதலில் வந்தது இனிப்பு. ஆனால் சீனியின் இனிப்பன்று, இளநீரின் வழுக்கலை மென்றதுபோன்ற பச்சை இனிப்பு. அதன் பின்னே நாவின் ஓரங்களில் ஒரு சுணைப்பு. மூக்கில் ஈர ஓலையின் மணம்.

இரண்டாவது, பெண்பனைக் கள்ளு. அதே வளவு, அதே விடியற்காலை, அதே கை. ஆயினும் முற்றிலும் வேறானது. என் நாவுக்கு இது சற்றுத் தடிப்பாகவும், முடிவில் மெல்லிய துவர்ப்போடும் இருந்தது. நுங்கின் தோலைக் கடித்தால் வருமே, அந்தத் துவர்ப்பு. முதலாவது தொண்டையில் இறங்கியதும் மறைந்துவிட்டது. இது நின்று பேசியது.

மூன்றாவது, பக்கத்து வளவிலிருந்து வந்த தென்னங்கள்ளு. வெண்மை கூடியது, நுரை கூடியது, மணம் முந்திக்கொண்டு வருவது. எண்ணெய்ப் பசை போன்ற ஒரு மென்மை அதற்கு உண்டு. தெற்கில் வாதுவை, களுத்துறைப் பக்கங்களில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதன் மேல் நடந்து இறக்குவது இதைத்தான். மலைநாட்டிலே கித்துள் கள்ளு வேறு இருக்கிறது. இச்சிறு தீவில் மூன்று பனையினங்கள் மூன்று வகைக் கள்ளைத் தருகின்றன.

பத்து மணியளவில் முதலாவது பிளாவில் மீதமிருந்ததை மறுபடியும் குடிக்கச் சொன்னார். இனிப்புப் பாதியாகக் குறைந்து, காரம் ஏறியிருந்தது. "விடியப்புறம் ஒண்டு, பத்து மணிக்கு ஒண்டு, பின்னேரம் ஒண்டு. ஒரு முட்டிக்குள்ள மூண்டு சாமான் இருக்குத் தம்பி" என்றார். விஞ்ஞானமும் இதைத்தான் சொல்கிறது. பதநீரில் உள்ள வெல்லத்தை முட்டியிலும் காற்றிலும் இருக்கும் மதுவங்கள் உடனேயே மதுசாரமாக மாற்றத் தொடங்கிவிடுகின்றன. கூடவே பற்றீரியாக்கள் புளிப்பைச் சேர்க்கின்றன. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் இந்த வேலை தடைப்பட்டுக் கருப்பணி கிடைக்கும், பூசாவிட்டால் கள்ளு. நேரம் செல்லச் செல்லப் புளித்து, மறுநாள் வினாகிரியின் பக்கம் போய்விடும்.

நான் பட்டணத்துக் கடையொன்றில் வாங்கிய போத்தற் கள்ளையும் கொண்டு சென்றிருந்தேன். நான்காவது பிளாவில் அதை ஊற்றினோம். நிறம் ஏறத்தாழ அதேதான். ஆனால் அவித்த மணமொன்று முன்னே நின்றது. இனிப்பு ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கம், இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை போல இருந்தன. அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "கள்ளுத்தான். ஆனா உயிர் இல்லை" என்றார்.

போத்தலை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளும் தாங்காத பானத்தைக் கொழும்புக்கும் கடல் கடந்தும் அனுப்ப வேண்டுமென்றால், சூடேற்றி நொதிப்பை நிறுத்தத்தான் வேண்டும். பருவத்தில் மிஞ்சும் கள்ளு நிலத்தில் ஊற்றப்படாமல் இருப்பதற்கு அதுவும் வடிசாலையுமே வழி. என் குறை வேறு. அந்தப் போத்தலின் ஒட்டுத்தாளில் பனைமரப் படம் இருந்தது. எந்த ஊர்ப் பனை, ஆணா பெண்ணா கலவனா, எந்த மாதத்தில் இறக்கியது என்ற எதுவும் இல்லை. பேர்மன்ட்சியில் நான்கு மிடறுக்கு ஒரு கரும்பலகை முழுவதும் எழுதி வைத்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

தவறணைகளிலும் இதுதான் நிலை. பல கைகள் இறக்கிய கள்ளு ஒரே கொள்கலத்தில் ஊற்றப்படுகிறது. நல்ல கள்ளுக்கும் நாட்பட்ட கள்ளுக்கும் ஒரே விலை. இதைப்பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன வசனம் என்னை விட்டு அகலவில்லை: "கலந்தாப் பிறகு அதை ஆர் இறக்கினது எண்டு ஆருக்குத் தெரியும்?"

ஆங்கிலேயருக்கும் பியரைப் பற்றிய இந்தப் பெருமிதம் தொன்றுதொட்டு இருந்ததன்று. 1960களில் அங்கும் பெருங்கம்பனிகள் சூடேற்றி, வடிகட்டி, வாயு அடைத்த பியரை நாடு முழுவதும் ஒரே சுவையில் ஊற்றத் தொடங்கின. பீப்பாவுக்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும் பழைய பியர் அழியும் நிலைக்கு வந்தது. 1971இல் நான்கு இளைஞர்கள் அதைக் காப்பாற்ற ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். கம்ரா என்று அதனை அழைக்கிறார்கள். அவர்களுள் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். பின்னர் 1977இல் மைக்கல் ஜக்சன் என்ற இன்னொரு பத்திரிகையாளர் உலக பியர்களைப் பற்றி ஒரு கைந்நூல் எழுதினார். பாடகரின் பெயரைக் கொண்டவரே தவிர, பாடகர் அல்லர். எந்த ஊரில் எந்த வகை, அதன் வரலாறு என்ன, எப்படிச் சுவைக்கும் என்று வகைப்படுத்திய நூல் அது. 2007இல் அவர் இறக்கும்போது உலகெங்கும் பியர் குடிப்போர் அவருடைய சொற்களிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். நமது நாட்டு லயன் ஸ்ரௌட்டையும் அவர் புகழ்ந்து எழுதியிருக்கிறார். மோல்ற்றும் ஹொப்ஸும் கப்பலில் வந்து இங்கே தயாராகும் அந்தப் பானத்தின் சுவையை விபரிக்க ஓர் ஆங்கிலேயர் வந்தார். வேரிலிருந்து பாளை வரை நம் மண்ணிலேயே நிற்கும் பானத்துக்கு நம்மில் ஒருவரும் வரவில்லை.

ஏன் வரவில்லை? காரணம் எனக்குத் தெரியும். இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவர்க்கும் தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் கள்ளுக் குடித்தார்கள். பெரியவர்கள் மறைவாகக் குடிப்பார்கள். செம்பு வேலிக்கு இப்பால் வைக்கப்படும். இறக்கியவர் தமது முட்டி செம்பிற் படாதவாறு உயர்த்தி ஊற்றுவார். கள்ளுக்குத் தீட்டில்லை, இறக்கிய கைக்குத் தீட்டு இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக நின்றவர்களை மறித்த சமூகம், அன்று மாலையும் அந்த மக்களின் உழைப்பில் இறங்கிய கள்ளைக் குடிக்கத் தவறியிருக்காது. இறக்கியவனை மனிதனாக எண்ணாதவனுக்கு அவன் இறக்கியதன் நுட்பம் எங்கே தெரியப்போகிறது? மதிக்காத பொருளுக்குச் சொல் தேடுவாரில்லை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பனையின் பெருமையைப் பாடத் தாலவிலாசம் என்றொரு நூலே இயற்றினார். மரத்துக்குக் கிடைத்த மரியாதை ஏறியவனுக்குக் கிடைக்கவில்லை.

1970களின் முற்பகுதியில் சீவல் தொழிலாளருக்கெனக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டமை பெரிய மாற்றம். தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து அவர்களை அது விடுவித்தது. பிள்ளைகள் படித்தார்கள். 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. பின்னர் வந்த யுத்தம் எண்ணற்ற பனைகளைத் தறித்துக் காவலரண்களாக்கியது. இவற்றையெல்லாம் தாண்டித் தொழில் நிற்கிறது. ஆனால் நிற்பது இந்த அறுபத்தைந்து வயதுக்காரரின் முழங்காலில்.

மதுவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். குடியால் அழிந்த குடும்பங்களைச் செய்தியாளனாக நேரில் கண்டவன் நான். அதைச் சிறிதாக்கிப் பேசமாட்டேன். ஆயினும் இன்று நமது இளைஞர்களின் கையில் இருப்பது எட்டு வீதத்துக்கு மேற்பட்ட மதுசாரம் கொண்ட ரின் பியரும் சாராயமும். கள்ளில் பெரும்பாலும் ஐந்து வீதமளவே உண்டு. சுவையை நின்று நிதானித்து அறிகிறவன் வெறிக்காகக் குடிக்கிறவனைவிடக் குறைவாகவே குடிக்கிறான் என்பது நான் கண்ட அளவில் உண்மை. குடிக்காதவர் குடிக்காமலே இருக்கட்டும். குடிக்கிறவர் எதைக் குடிக்கிறோம் என்று அறிந்து குடிக்கட்டும்.

எனவே சங்கங்களுக்கு என் யோசனை மூன்றுதான். முதலாவது, ஒவ்வொரு தவறணையிலும் ஒரு கரும்பலகை வேண்டும்: இன்றைய கள்ளு எந்தக் குறிச்சியிலிருந்து வந்தது, ஆண்பனையா, பெண்பனையா, கலவனா, எத்தனை மணிக்கு இறக்கியது. ஒரு வெண்கட்டியின் செலவுதான். இரண்டாவது, கலக்காத உடன் கள்ளுக்குக் கூடுதல் விலை; அந்தக் கூடுதல் இறக்கியவரின் கையைச் சேர வேண்டும். மூன்றாவது, போத்தலின் ஒட்டுத்தாளில் மரத்தின் படத்தோடு ஊரின் பெயரும், விரும்பினால் இறக்கியவரின் பெயரும். சீனியும் இரசாயனமும் கலந்த செயற்கைக் கள்ளைப் பற்றி நாடு முழுவதும் முறைப்பாடு எழுகிறது. பெயரில்லாத பானத்தில்தான் கலப்படம் எளிது. பெயர் போட்டவன் கலப்படத்துக்கு அஞ்சுவான்.

பத்திரிகைத் தொழிலில் இருப்போருக்கும் ஒன்று சொல்வேன். சொற்கள் இல்லை என்று நான் இலண்டனில் நினைத்தது தவறு. உடன் கள்ளு, கலவன், பழங்கள்ளு என்று தொடங்கி, பாளையின் பருவத்துக்கும் சீவலின் தடிப்புக்கும் மழைநாட் கள்ளுக்கும் அந்த மனிதரிடம் தனித்தனிச் சொற்கள் இருந்தன. அரை நாளில் என் குறிப்புப் புத்தகத்தின் ஏழு பக்கங்கள் நிரம்பின. ஊரில் வளர்ந்த காலத்தில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை என்பதே குறை.

விடைபெறும்போதுதான் கவனித்தேன், அவர் என்னைக் காலை முழுவதும் 'தம்பி' என்றே அழைத்திருந்தார். என் பாட்டனாரின் காலத்தில் அச்சொல் வேலியைத் தாண்டியிருக்காது. "உங்களுக்குப் பிறகு இந்தப் பதினெட்டு மரத்தையும் ஆர் சீவுறது?" என்று கேட்டேன். மூத்தவன் பிரான்சில், இளையவன் கொழும்பில் கணக்காளன் என்றார். அவர்கள் மரம் ஏற வேண்டுமென்று அவரும் விரும்பவில்லை, நானும் விரும்பேன். ஆனால் விரும்பி ஏற வருகிற ஒருவனுக்கு வருமானமும் மரியாதையும் இருக்க வேண்டும் அல்லவா?

அன்றிரவு மருமகனுக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று பிளாக்களையும் என்னால் இயன்றவரை விபரித்தேன். அடுத்த சித்திரைக்கு வருவதாகப் பதில் போட்டிருக்கிறான். விடியப்புறம் ஐந்து மணிக்கு எழும்ப வேண்டியிருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.