அம்மா ஏன் பருத்தாள்?

சென்ற வாரம் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ஐயா, எங்கள் அம்மாவைக் குண்டாக்கி விட்டேன்!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய தாயார் காலமாகி ஒரு வருஷம் ஆகப் போகிறது!

விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. 1994-ல் நடந்த தங்கை கல்யாணத்தின் வீடியோ, டி.வி.டி. தட்டு ஒன்றில் இருந்தது. அந்த அம்மாள் நடப்பதும் சிரிப்பதும் அதில் மட்டுந்தான் பதிவாகியிருக்கிறது. வருஷத் திதிக்கு வருகிற உறவினருக்குக் காட்டலாமென்று, அம்மா வரும் இடங்களை மட்டும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி எக்ஸ்போர்ட் செய்திருக்கிறார். தங்கை பார்த்துவிட்டு, "யார் அண்ணா இது? பெரியம்மாவா?" என்று கேட்டாளாம். மனிதர் அன்றிரவு தூங்கவில்லை.

பழைய டெலிவிஷன் படத்துக்கு அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு. இன்றைய திரைக்கு 16-க்கு 9. இந்த விகிதத்தைத்தான் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்கிறார்கள். பழைய படத்தை இழுத்துப் புதுத் திரையை அடைத்தால், அதிலுள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்கு பருத்து விடுவார்கள். ஒரு கவளம் அதிகம் சாப்பிடாமலே!

நண்பர் சும்மா இருப்பாரா? இழுக்காமல் பெரிதாக்கிப் பார்த்தார். மேலும் கீழுமாக உயரத்தில் கால் பங்கு வெட்டுப்பட்டது. தாலி கட்டும் சமயத்தில் பின்னால் நின்ற அம்மாவுக்குத் தலையே இல்லை! மூன்றாம் தடவை, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் உள்ளே அடக்கினார். இப்போது அம்மா வீசம் பங்கு இளைத்து விட்டாள்.

இந்த வீசத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் நாட்டு டி.வி.டி.யில் படம் 720-க்கு 576 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், நாலுக்கு மூன்று வராது, ஐந்துக்கு நாலுதான் வரும். காரணம், அந்தப் புள்ளிகள் சதுரமல்ல, சற்றே அகலமானவை. கம்ப்யூட்டர் அவற்றைச் சதுரமென்று எண்ணிக்கொண்டால் ஆள் ஒல்லியாகி விடுகிறார்.

ஆகவே, எடிட் செய்யும் சாப்ட்வேரில் அந்த வீடியோவின் 'பிக்ஸல் ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்ற இடத்தைத் தேடி, 'பால் 4:3' என்று வையுங்கள். (காப்பிக்கு ஊற்றும் பால் அல்ல, நம் பழைய டெலிவிஷன் முறையின் பெயர்.) எக்ஸ்போர்ட் செய்யும்போது சதுரப் புள்ளி, 768-க்கு 576 என்று கொடுங்கள். 1920-க்கு 1080 தான் வேண்டுமென்றால், படம் 1440 அகலம் இருக்கட்டும். இரு பக்கமும் 240 புள்ளி கறுப்பாகவே கிடக்கட்டும். கறுப்பைக் கண்டு பயப்படாதீர்கள். கெட்டுப்போன எக்ஸ்போர்ட்டையே மறுபடி நீட்டிச் சுருக்காமல், மூலத்திலிருந்து தொடங்குங்கள். சில சமயம் குற்றம் டி.வி. பெட்டியின் செட்டிங்கில் இருக்கும். அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரியாகி விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? படத்தில் நேராகத் தெரிகிற வட்டமான சாமான் ஒன்றைத் தேடி, திரையில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் சுவர்க் கடிகாரம் ஒன்று அகப்பட்டது. அகலமும் உயரமும் ஒன்றாக வருகிறவரை அவரை நான் விடவில்லை.

நேற்று டெலிபோன் செய்தார். தங்கை மறுபடியும் பார்த்தாளாம். ஒன்றும் பேசாமல், அம்மா பந்தியில் இலை போடுகிற இடத்தை மட்டும் நாலு தடவை திருப்பித் திருப்பிப் போடச் சொன்னாளாம்.