பணவீக்கம் தணிந்தது, விலை ஏன் தணியவில்லை?

பல்கலைக்கழகத்தில் பேரினப் பொருளியலைக் கற்கத் தொடங்கும் மாணவர்க்கு நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. வரைபடங்களைக் கண்டு மருளுமுன், சொற்களின் பொருளைத் தெளிந்துகொள்ளுங்கள்.

பணவீக்கம் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பரில் அஃது ஏறத்தாழ நூற்றுக்கு 70 வீதமாயிருந்தது. 2023 செப்டெம்பரில் 2 வீதத்திற்கும் கீழே இறங்கிற்று. “அங்ஙனமாயின் கடையில் விலை இறங்கக் காணோமே!” என இல்லத்தரசியர் வினவியது நியாயமே.

பணவீக்கம் என்பது விலைமட்டம் ஏறும் வேகம். மலையேறும் புகைவண்டி வேகந் தணிந்தால், அது கீழிறங்கிவிட்டதாகாது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்குக் கிடைத்த பண்டங்கள், ஓராண்டின்பின் 170 ரூபாவாயின. மற்றுமோராண்டின்பின் சுமார் 172 ரூபாவாயின. அவ்விரண்டாண்டுகளிலும் ஊதியம் உயராத குடும்பம், முன்னர் வாங்கியதில் ஐந்திலே மூன்று பங்களவே வாங்கக்கூடியதாயிற்று. வேகம் தணிந்ததென்னும் செய்தி அக்குடும்பத்தின் இழப்பை ஈடுசெய்யவில்லை. ஊதிய உயர்வொன்றே அதனை ஈடுசெய்யவல்லது.

மாணவர்காள்! இப்பாடத்தைப் பரீட்சைக்காக மட்டுமன்றி, வீட்டிலே கணக்கெழுதி ஐயுறும் அன்னைக்குத் தக்க விடை கூறுதற்பொருட்டும் கற்பீராக.