வழிகாட்டியோடு போனால் சாகசம் இல்லையா?

எங்கள் வகுப்பில் பைக் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். பரீட்சைக்கு முதல் நாள்கூட எந்த வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதுதான் பேச்சு. அந்தப் பேச்சில் அடிக்கடி வந்து விழும் வசனம் ஒன்று உண்டு: "காசு கட்டி, கைடு வெச்சு, பின்னாடி வண்டியில சோறு தண்ணி ஏத்திட்டுப் போறதெல்லாம் ஒரு அட்வென்ச்சரா? தனியா போகணும்டா!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது தப்பான கருத்து, கொஞ்சம் ஆபத்தான கருத்தும்கூட என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல, உலகத்தில் வழிகாட்டியோடு பைக்கில் கடக்கப்படும் பாலைவனங்களில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனம். நான் அங்கே போனதில்லை. போகும் அளவுக்கு என் பர்சும் இல்லை :-) ஆனால் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, வடக்கு ஆட்சிப்பகுதி மூன்றும் சந்திக்கும் இடத்தைச் சுற்றிப் பரந்து கிடக்கிறது சிம்சன். பரப்பு சுமார் 1,70,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் தமிழ்நாட்டைவிடப் பெரியது. அதில் 1,100-க்கும் மேற்பட்ட சிவப்பு மணல்மேடுகள். கண்டபடி சிதறிக் கிடப்பவை அல்ல. உழுத வயலில் வரப்பு போட்ட மாதிரி, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. சில மேடுகள் 200 கிலோமீட்டர் நீளம்கூட இருக்கும். ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே போகிறவன் சுற்றிக்கொண்டு போக முடியாது. ஒவ்வொன்றையும் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும்.

மேற்கே மவுண்ட் டேர் என்ற இடத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டால், அடுத்த பெட்ரோல் கிழக்கே பேர்ட்ஸ்வில் ஊரில்தான். நடுவில் 500 கிலோமீட்டருக்கு மேல் கடையும் இல்லை, வீடும் இல்லை. பேர்ட்ஸ்வில்லிலேயே மொத்தம் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஊருக்குச் சற்று முன்னால் கடைசி மேடு நிற்கிறது. பெயர் 'பிக் ரெட்'. உயரம் சுமார் 40 மீட்டர், கிட்டத்தட்ட பன்னிரண்டு மாடி. ஆயிரம் மேடு ஏறி நாக்குத் தள்ளிய பிறகு அந்தப் பாலைவனம் வைக்கும் கடைசிப் பரீட்சை அது.

இப்போது மணல் ஓட்டத்துக்கு வருவோம். எங்கள் ஊர்ப்பக்கம் திருச்செந்தூரைச் சுற்றித் தேரிக்காடு உண்டு. அதே மாதிரி செக்கச் செவேல் மணல். அங்கே வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். தார் ரோட்டில் பழகிய புத்தி மணலில் தலைகீழாக வேலை செய்யும். முன் சக்கரம் ஆடினால் கை தானாக ஆக்ஸிலேட்டரை விடும், பிரேக்கைப் பிடிக்கும். அவ்வளவுதான், முன் சக்கரம் மணலில் புதையும், நீங்கள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பீர்கள். மணலில் செய்ய வேண்டியது நேர் எதிர். எழுந்து நின்று ஓட்ட வேண்டும், உடம்பைப் பின்னால் தள்ள வேண்டும், பயம் வரும்போது ஆக்ஸிலேட்டரைக் கூட்ட வேண்டும். டயரில் காற்றை 12, 15 பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் டயர் அகலமாகப் படிந்து மணலின் மேல் மிதக்கும்.

இதோடு முடிந்ததா? இல்லை. மேட்டின் உச்சிக்கு வேகமாக ஏறினால்தான் ஏற முடியும். ஆனால் உச்சியில் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. எதிரே ஒரு ஜீப் அதே வேகத்தில் ஏறி வரலாம். அதனால்தான் அங்கே வண்டிகள் உயரமான கம்பத்தில் கொடி கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆள் தெரிவதற்கு முன் கொடி தெரியும். ஏறும்போது முழு வேகம், உச்சியில் சரியாக அந்த நொடியில் வேகத்தை விடுவது, இறக்கத்தில் மறுபடி ஆக்ஸிலேட்டர். இதை ஒரு நாளைக்குச் சில நூறு தடவை செய்ய வேண்டும். நடுவில் விழுந்தால், நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியை, கால் புதையும் மணலில் நின்று தூக்கி நிறுத்த வேண்டும்.

இதில் கைடு செய்யக்கூடியது என்ன? பின்னால் வரும் வண்டி பெட்ரோல் சுமக்கும், தண்ணீர் சுமக்கும், உதிரி டியூப் சுமக்கும். உங்களுக்காக ஒரு மேடுகூட ஏறாது. ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருப்பது உங்கள் கை, நடுங்குவது உங்கள் கால். வழிகாட்டி இருப்பதால் மணல் கெட்டியாகிவிடாது. "சொகுசுப் பயணம்" என்று கிண்டல் செய்கிறவர்கள் இந்த ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பயணங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய உள்நாட்டுப் பயணங்களில் ரொம்பக் காலமாக இருக்கும் வழக்கம் அது. பைக்குகள் தூசிக்குப் பயந்து தள்ளித் தள்ளித்தான் போகும், ஒருவருக்கு ஒருவர் கண்ணில் பட மாட்டார்கள். ஆகவே பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் வழிகாட்டி தனக்கு அடுத்து வருபவரைக் காட்டி நிறுத்திவிட்டுப் போவார். அவர் வெயிலில் அங்கேயே நின்று, பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் வழி காட்ட வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும் வரை நகரக் கூடாது. அடுத்த பிரிவில் இன்னொருவர் நிற்பார். இப்படி எல்லோரும் முறை வைத்து மற்றவர்களுக்கு வழிகாட்டி ஆகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். பத்து பேரின் உயிர், ஒருவன் அரை மணி நேரம் பொறுமையாக ஓரிடத்தில் நிற்பானா என்பதில் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்க எந்தப் பையனாலும் முடியும். நான் போய்விட்டால் பின்னால் வருபவன் தொலைந்துபோவான் என்று தெரிந்து நிற்பது கொஞ்சம் கஷ்டமான வித்தை. தனியாகப் போகிறவனுக்கு இந்தச் சோதனையே வருவதில்லை.

சரி, "அந்தக் காலத்து ஆட்கள் எல்லாம் தனியாகத்தானே போனார்கள்" என்பது அடுத்த வாதம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1886-இல் டேவிட் லிண்ட்சே என்ற நில அளவையாளர் சிம்சனுக்குள் நுழைந்து குயின்ஸ்லாந்து எல்லை வரை போனார். எப்படி முடிந்தது? அவரோடு போனவர் அந்த மண்ணின் வாங்கங்குரு இனத்தைச் சேர்ந்த ஒரு வழிகாட்டி. மணல்மேடுகளுக்கு நடுவே அந்த மக்கள் தோண்டி வைத்திருந்த கிணறுகள் இருந்தன. 'மிகிரி' என்று அவற்றுக்குப் பெயர். குறுகலாக, ஆழமாக, வெளியாள் பக்கத்தில் நின்றாலும் கண்டுபிடிக்க முடியாத கிணறுகள். வழிகாட்டிக்கு அவை தெரியும். லிண்ட்சேக்குத் தெரியாது. ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணறு என்றுதான் அந்தப் பயணமே நடந்தது.

1936-இல் டெட் கோல்சன் மேற்கிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை ஒட்டகத்தில் கடந்தார். பாலைவனம் முழுவதையும் கடந்த முதல் ஐரோப்பியர் என்று புத்தகங்கள் எழுதுகின்றன. அவரும் தனியாகப் போகவில்லை. கூடவே போனவர் பீட்டர் ஐன்ஸ் என்ற பழங்குடி மனிதர். பாதிக் கட்டுரைகளில் கோல்சன் பெயர் மட்டும்தான் இருக்கும். 1939-இல் செசில் மாடிகன் ஒரு குழுவோடு கடந்தபோது ஒட்டகங்களை நடத்திச் சென்றவர்களில் ஒருவர் ஜாக் பேஜா. ஆப்கன் ஒட்டகக்காரர்கள் என்று அங்கே அழைக்கப்பட்ட வம்சத்தில் வந்தவர். மாடிகன்தான் 1929-இல் விமானத்திலிருந்து இந்தப் பாலைவனத்தைப் பார்த்து, தன் ஆய்வுக்கு ஆதரவு தந்த ஆல்ஃபிரட் ஆலன் சிம்சன் பெயரை வைத்தவர். சிம்சன் ஓர் ஆலை முதலாளி. அவர் குடும்ப நிறுவனத்தின் பெயர் அந்த நாட்டில் வாஷிங் மெஷினுக்குப் பிரபலம்! தண்ணீரே இல்லாத ஊருக்கு வாஷிங் மெஷின் பெயர், என்ன பொருத்தம் பாருங்கள் :-)

ஆக, வழிகாட்டி இல்லாத வீரன் என்பது பிற்பாடு எழுதியவர்கள் உண்டாக்கிய உருவம். வழிகாட்டி எப்போதும் இருந்தார். பெயரைத்தான் விட்டுவிட்டார்கள். இன்று காசு கட்டிப் போகிறவன் குறைந்தபட்சம் தன் வழிகாட்டி யார் என்பதையாவது ஒளிக்காமல் சொல்கிறான். அதில் என்ன வெட்கம்?

தனியாகப் போவதன் விலையையும் பேச வேண்டும். 1963 டிசம்பரில், சிம்சனின் கிழக்கு ஓரத்தை ஒட்டிய பேர்ட்ஸ்வில் பாதையில் ஒரு குடும்பம் காரில் போனது. அப்பா, அம்மா, மூன்று மகன்கள். வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து கார் நின்றது. காரை விட்டு நடந்தார்கள். ஐந்து பேரும் இறந்துபோனார்கள். அவர்கள் வீரம் காட்டப் போனவர்கள் இல்லை, பாவம். அந்த நிலத்தைத் தெரிந்த ஒருவர் கூட இருந்திருந்தால், என்ன ஆனாலும் வண்டியை விட்டு நகராதே என்பதைச் சொல்லியிருப்பார். ஆகாயத்திலிருந்து தேடுபவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது கார்தான், மனிதன் இல்லை.

இன்றைக்கு சாட்டிலைட் போன் இருக்கிறது, ஜி.பி.எஸ். இருக்கிறது. உண்மைதான். அங்கே பறக்கும் டாக்டர் சேவையும் இருக்கிறது, 1928-இல் தொடங்கியது. ஆனால் போன் அடித்தால் வருவது யார்? ஒரு பைலட், ஒரு நர்ஸ், சில சமயம் டாக்டர், சில சமயம் போலீஸ்காரர். "என் உயிர், என் இஷ்டம்" என்று கிளம்பியவனுக்காக இவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டும். அதே விமானம் அந்த நேரத்தில் எங்கோ ஒரு பண்ணையில் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்குத் தேவைப்படலாம். கோடைச் சூடு தாங்க முடியாது என்றுதான் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பூங்காவையே மூடிவிடுகிறார்கள். முழுக்க முழுக்கத் தனி மனிதனின் சாகசம் என்று ஒன்று இல்லவே இல்லை. உதவியை முன்கூட்டியே கூட அழைத்துப் போகிறோமா, மாட்டிக்கொண்ட பிறகு அழைக்கிறோமா என்பதுதான் வித்தியாசம்.

இந்தப் பயணங்களை நடத்துபவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. விளம்பர மொழி எனக்குப் பிடிக்கவில்லை. "பாலைவனத்தை வெல்லுங்கள்" என்கிறார்கள். யாருடைய நிலத்தை யார் வெல்வது? வாங்கங்குரு மக்கள் அந்தக் கிணறுகளை நம்பிக் காலங்காலமாக அங்கே குடும்பம் நடத்தினார்கள். 1900 வாக்கில்தான் அவர்கள் பாலைவனத்தை விட்டு ஓரத்து ஊர்களுக்குப் போனார்கள். 2014-இல் நீதிமன்றம் அவர்களின் நில உரிமையை ஏற்றுக்கொண்டது. 2021-இல் தெற்கு ஆஸ்திரேலியப் பகுதி 'முங்கா-திர்ரி' என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு தேசியப் பூங்கா ஆனது. பெரிய மணல்மேட்டு நாடு என்று அர்த்தம். வாஷிங் மெஷின் பெயரைவிட எவ்வளவோ மேல்.

அந்தப் பெயரையும் அந்தக் கிணறுகளையும் சொல்லித் தராத பயணம் என் கணக்கில் அரைப் பயணம்தான். டயரில் காற்றை இறக்காமல் முறுக்கி ஏறி, பாதையைக் குழி குழியாகக் கிளறிவிட்டுப் போகும் கூட்டமும் அப்படித்தான். பின்னால் வருபவன் அந்தக் குழியில் விழுவான்.

ஆகவே நாளைக்கு நீங்கள் சிம்சனுக்கோ, நம் ஆட்கள் எல்லோரும் கனவு காணும் லடாக்குக்கோ போகும்போது, வழிகாட்டி வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று குழம்பாதீர்கள். எப்படிப்பட்ட வழிகாட்டி என்று கேளுங்கள். அடிபட்டால் என்ன செய்வார்? அந்த நிலத்து மக்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம்: "நாளைக்கு நீ பைக் ஓட்ட வேண்டாம், வண்டியில் ஏறி வா" என்று காசு கொடுத்த உங்களிடமே சொல்லும் தைரியம் அவருக்கு உண்டா? அப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளும் தைரியம் உங்களுக்கு உண்டா?

என்னைக் கேட்டால், 1,100 மேடு ஏறுவதைவிட அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொள்வதுதான் பெரிய ஏற்றம்.