சலாம் போடும் குழந்தை

தலத்தெருவிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "என் ஏழு மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து, இரண்டு கையையும் விரித்து, சலாம் போடுகிற மாதிரி வெடுக் வெடுக்கென்று பத்துப் பதினைந்து தடவை செய்கிறான். 'உரம் விழுந்திருக்கு' என்று மாமியார் சொல்ல, ஓமத் தண்ணீரும் கொடுத்தாச்சு. டாக்டரோ இது ஒருவகை வலிப்பு, ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?"

தாராளமாகக் கொடுக்கலாம், சகோதரி. சீக்கிரம் கொடுப்பதுதான் முக்கியம்.

இதற்கு 'வெஸ்ட் நோய்' என்று பெயர். டாக்டர் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் தம் சொந்தப் பிள்ளைக்கு வந்ததைப் பார்த்து 1841-ல் முதன்முதலாக எழுதினார். அட்டை விட்டுக்கூடப் பார்த்தாராம், பாவம், பலனில்லை. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் வரும். கை கால் வெட்டி நுரை தள்ளாததால் வலிப்பு என்றே தோன்றாது. ஆனால் சிரித்த குழந்தை சிரிப்பை மறக்கும், முகம் பார்ப்பதை நிறுத்தும். இ.இ.ஜி. எடுத்தால் மூளையின் மின் அலைகள் தாறுமாறாக இருப்பது தெரியும்.

சாதாரண வலிப்பு மருந்துகள் பல இதற்குச் சரிவர வேலை செய்வதில்லை. 1958-ல் பெல்ஜியத்து மருத்துவர்கள் ஏ.சி.டி.எச். ஊசி போட்டு நல்ல குணம் கண்டார்கள். இந்த ஊசி உடம்பையே ஸ்டீராய்டு சுரக்க வைக்கும். பிரட்னிசலோன் மாத்திரையோ நேராகவே ஸ்டீராய்டு. இரண்டும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அழற்சியையும் தணிப்பவை. வலிப்பை எப்படி அடக்குகின்றன என்பது மருத்துவ உலகுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

ஊசிதான் உசத்தி என்று எண்ண வேண்டாம். கொழும்பில் 97 குழந்தைகளை வைத்து ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்டார்கள். பதினான்காம் நாளில் மாத்திரை சாப்பிட்ட 48 பேரில் 28 பேருக்கும், ஊசி போட்ட 49 பேரில் 18 பேருக்கும் குணம் தெரிந்தது. எல்லாருக்கும் கேட்பதில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. அப்போது விகாபட்ரின் போன்ற வேறு மருந்துகள் உண்டு.

மருந்து கொடுக்கும் நாட்களில் கவனிக்க வேண்டியவை:

* குழந்தைக்குப் பசி கூடும், முகம் உப்பும், சிணுங்கல் அதிகமாகும். மருந்தைக் குறைக்கக் குறைய இவை வடியும்.
* ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் டாக்டர் சொன்ன நாளில் பார்த்துவிடுங்கள்.
* காய்ச்சல் கண்டால் கை வைத்தியம் வேண்டாம், அன்றே காட்டுங்கள்.
* வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அம்மை போட்டிருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.
* போலியோ சொட்டு, தட்டம்மை ஊசி போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.
* 'நின்னு போச்சே' என்று மருந்தைச் சட்டென நிறுத்தவே கூடாது. உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், உயிருக்கே ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மற்றத் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படி வெடுக்கென்ற அசைவு கண்டால் கைபேசியில் படம் பிடித்துக் காரைக்கால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுத்தால் மறுநாளே கிளம்புங்கள். மாங்கனித் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, பிள்ளையின் பிற்கால அறிவு வளர்ச்சிக்கு அவ்வளவு நல்லது.