பாட்டனும் பேரனும்

ஒரே குடும்பத்துப் பாட்டனையும் பேரனையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பதில் ஒரு சுவை உண்டு. முகச்சாயல் ஒன்றாயிருக்கும், குணமோ வேறாயிருக்கும். மோட்டார் உலகில் அத்தகைய குடும்பம் ஒன்று உண்டு. அது ஜேர்மனியின் போர்ஷ நிறுவனத்தார் ஆக்கிய 911 என்னும் இருகதவுக் கூப்பே வண்டியாகும்.

பாட்டன் 1963ஆம் ஆண்டு பிராங்போட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்சியளித்தான். அப்பொழுது அவன் பெயர் 901. நடுவே பூச்சியம் கொண்ட மூவிலக்கப் பெயர்கள் பிரான்சில் தமக்கே உரியன என்று பேஜோ நிறுவனத்தார் தடை கூறவே, பெயர் 911 ஆயிற்று. இரண்டு லீற்றர் எஞ்சின். அதைக் குளிர்விப்பது காற்று. வலு 130 குதிரை. எடை ஏறத்தாழ 1,080 கிலோகிராம்.

பேரனாக 2019ஆம் ஆண்டின் கரேரா வண்டியைக் கொள்வோம். மூன்று லீற்றர் எஞ்சின், குளிர்விப்பது நீர், வலு 385 குதிரை, எடை ஏறத்தாழ 1,500 கிலோகிராம். ஆயினும் சரிந்திறங்கும் முதுகும், பின்சில்லுகளுக்கும் அப்பால் எஞ்சினை வைக்கும் வழக்கமும் குடும்பச் சொத்தாக நிலைத்துள்ளன.

அச்சொத்தே ஆபத்துமாகும். வளைவிலே வேகமாகச் செல்லும் சாரதி அஞ்சித் திடீரெனக் காலை எடுத்தால், பாரம் முன்னே சாயும். பின்சில்லுகளின் பிடி தளரும். பின்புறத்து எஞ்சின் ஊஞ்சல்போல வீசி வண்டியையே சுழற்றிவிடும். இதனைத் தணிக்கவே, முற்காலத்து வண்டிகள் சிலவற்றின் முன்முனைகள் இரண்டிலும் 11 கிலோகிராம் இரும்பை வைத்தனர். பின்னர் 1968இல் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையேயுள்ள தூரத்தை 57 மில்லிமீற்றர் நீட்டினர்.

பேரனோ தவறைப் பொறுப்பவன். சறுக்கலை உணர்ந்து, வேண்டிய சில்லுக்குத் தானே பிரேக் இடுவான். முன்சில்லுகளின் அருகே உள்ள ஒலியுணரிகள், தெருவிலே நீர் தெறிக்கும் ஓசையைக் கேட்டு, ஈரமென்று சாரதியை எச்சரிக்கும்.

“பழைய வண்டி சாரதியை ஆக்கியது, புதியது சோம்பேறியை ஆக்குகிறது” என்று வருந்துவோர் உளர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. பாட்டனைச் செலுத்தியோர் கவனத்தைக் கற்றனர். ஆனால் அப்பள்ளியிலே ஒரு பிழைக்கு உயிரையே கட்டணமாகக் கேட்டார்கள் என்பதை மறக்கலாமா? மனிதன் பிழை செய்யும் இயல்பினன். அவனை வீட்டுக்குத் திரும்ப விடும் வண்டியே சிறந்த வண்டி என்பது நமது துணிபு.

எனினும் பேரனை நம்பிக் கண்ணயர்தல் கூடாது. வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். இவ்விதியை எந்த யந்திரமும் திருத்தி எழுதவில்லை. பேரனுடைய வண்டியில் ஏறுவோர், பாட்டன் கற்பித்த கவனத்தையும் உடன்கொண்டு செல்வாராக.