அக்கரையிலிருந்து அக்கறை

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தைத் தாண்டியதும் விழிஞ்ஞம். ஆய் மன்னர்கள் காலத்துத் துறைமுகத்துக்கு இப்போது புது மவுசு. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2-ல் பிரதமர் துறைமுகத்தை முறைப்படி தொடங்கி வைத்தார். எந்தக் கப்பல் எந்தக் கடலில் வந்துகொண்டிருக்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இதே கரையில் தனியாக இருக்கும் அம்மா காலையில் சர்க்கரை மாத்திரை போட்டாளா என்பது துபாயில் இருக்கும் மகனுக்குத் தெரியாது.

திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998-ல் கணக்கெடுத்தபோது, வெளிநாட்டில் இருந்த கேரளத்தவர் சுமார் 13.6 லட்சம். 2023-ல் சுமார் 22 லட்சம். 2011 கணக்குப்படி கேரள மக்களில் 12.6 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். நாடு முழுவதும் சேர்த்தால் இது 8.6 தான். பிள்ளைகள் போகிறார்கள், பெற்றோருக்கு வயதாகிறது. கன்னியாகுமரிக்கும் ராமநாதபுரத்துக்கும் இது புதிய செய்தியல்ல. மும்பையில் குடித்தனம் நடத்திக்கொண்டு திருநெல்வேலி அப்பாவை நினைத்துக் கவலைப்படுபவருக்கும் அப்படித்தான்.

துபாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் நாலு மணி நேரம்தான். ரயிலில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போக இதைவிட அதிக நேரம் ஆகும். ஆனால் பலருக்கு லீவு கிடைப்பது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 2020-ல் விமானங்கள் நின்றுபோனபோது, தாய் தகப்பனின் இறுதிச் சடங்கைச் செல்போன் திரையில் பார்த்து அழுதவர்கள் எத்தனையோ பேர்.

போன் இருக்கிறதே என்பீர்கள். "எப்படிம்மா இருக்கே?" "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்." சம்பளம் வராததை மகன் சொல்ல மாட்டான். குளியலறையில் வழுக்கி விழுந்ததை அம்மா சொல்ல மாட்டாள். இரண்டு பக்கமும் பொய், இரண்டும் பாசத்தினால்.

எனக்கே இந்தப் பாடம் கிடைத்தது. ஒரு வருடம் லீவில் ஊருக்குப் போனபோது அம்மாவின் அலமாரியைத் திறந்தேன். ரத்த அழுத்த மாத்திரைகள் பாதி பாதியாக உடைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு மாதத்து மருந்து இரண்டு மாதம் வரட்டுமே என்ற சிக்கனம். மாதா மாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாது. எதிர் வீட்டு அக்காவுக்கு ஒரு வருடமாகத் தெரியும். "ஏங்க்கா சொல்லலே?" என்றேன். "நீ என்கிட்ட என்னிக்காவது கேட்டியா தம்பி?" என்றார்.

பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தர 2007-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் பணம் அனுப்பத் தவறாத பிள்ளைகளின் பிரச்னை வேறு. சட்டம் வந்து மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லாது.

கேரளம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், அக்கம்பக்கத்துச் சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு அனுப்பியது. 2008-ல் மாநில அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வருவது அதன் பலன். அந்த டாக்டர்களில் ஒருவரான எம்.ஆர். ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பு திருவனந்தபுரத்திலேயே இயங்குகிறது.

இதிலிருந்து தூரத்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் வீட்டு மாற்றுச் சாவி இருக்க வேண்டும். மருந்துகளின் பட்டியலும் டாக்டரின் போன் நம்பரும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனோ தங்கையோ பாரம் சுமக்கிறார்கள் என்றால், வெளியூரிலிருந்து உத்தரவு போடுவதை நிறுத்திவிட்டு, செலவையும் நன்றியையும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். "நல்லா இருக்கியா?" என்பதைவிட "இன்னிக்கு என்ன சமைச்சே?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் வரும்.

இன்று ராத்திரி அம்மாவிடம் பேசி முடித்த பிறகு, எதிர் வீட்டு அக்காவுக்கும் ஒரு போன் போடுங்கள். அவர் உங்கள் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார்.